வீட்டில் மட்டன் பிரியாணி: ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடம் வரும் கேள்விகள்

ஞாயிறு காலை பத்து மணியானால் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தங்கை மகள், கனடாவில் இருக்கும் எதிர்வீட்டுப் பையன், இதே மதுரைப் பழங்காநத்தத்தில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நாத்தனார் மருமகள் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். "பெரியம்மா, தண்ணி எத்தனை டம்ளர்?", "அத்தை, கறி வேகவே மாட்டேங்குது" என்று அடுப்பங்கரையில் நின்றபடியே கேட்பார்கள். எல்லாருக்கும் உதவட்டும் என்று கேள்வியையும் பதிலையும் எழுதி வைக்கிறேன்.

மதுரைப் பக்கம் வீட்டில் செய்வது எந்த மாதிரிப் பிரியாணி?

கறியை மசாலாவோடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே அரிசியைப் போட்டு, அதே சட்டியில் தம் கட்டி இறக்குவது. ஐதராபாத் முறையில் அரிசியைத் தனியாக அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, கறிக்கு மேலே அடுக்கித் தம் போடுவார்கள். அது ஒரு ருசி. நம் பக்கத்து ருசி வேறு. இங்கே அரிசி கறிச்சாற்றைக் குடித்துத்தான் வேக வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். சாறு நன்றாக அமைந்தால் பிரியாணி அமைந்துவிட்டது. சாறு வெறும் மசாலாத் தண்ணீராக இருந்தால் அதற்கப்புறம் எவ்வளவு நெய் ஊற்றினாலும் எடுபடாது.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டுப் பிரியாணி லேசான செம்பழுப்பாக, அங்கங்கே புதினாவின் கரும்பச்சையோடு இருக்கும். கலர் பொடி தேவையே இல்லை.

ஒரு கிலோ கறிக்கு என்னென்ன வேண்டும்?

ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ சீரகச் சம்பா. எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கடலை எண்ணெய் 150 மில்லி, நெய் 50 மில்லி. பெரிய வெங்காயம் 300 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம். தக்காளி கால் கிலோ, பூண்டு 100 கிராம், இஞ்சி 75 கிராம். புளிக்காத கெட்டித் தயிர் 200 மில்லி. பச்சை மிளகாய் எட்டு, மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். புதினா ஒரு கட்டு, மல்லித்தழை ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் ஒரு மூடி.

மசாலாச் சாமானில் விரல் நீளப் பட்டை மூன்று, கிராம்பு எட்டு, ஏலக்காய் எட்டு, அன்னாசிப்பூ ஒன்று, பிரியாணி இலை இரண்டு, கல்பாசி ஒரு சிட்டிகை. கீழமாசி வீதிக் கடைகளில் வாங்கும்போது பட்டையை ஒடித்து முகர்ந்து பாருங்கள். வாசம் மூக்கில் ஏறவில்லை என்றால் அது பழைய சரக்கு.

பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் 70 கிராம் போதும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூண்டுக்குக் காரமும் வாசமும் அதிகம். மல்லித்தூள் நான் போடுவதில்லை. போட்டால் கறிக்குழம்பு வாசம் வந்துவிடுகிறது.

கறிக்கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

"பிரியாணிக்கு, எலும்போட" என்று முதலில் சொல்லுங்கள். தனிக்கறி வாங்குவதுதான் புதிதாகச் சமைப்பவர்கள் செய்கிற பெரிய தப்பு. எலும்பும் அதையொட்டிய சவ்வும் இல்லாமல் சாறு இறங்காது. என் கணக்கு இது: ஒரு கிலோவில் பாதி முன்சப்பை, கால்வாசி நெஞ்செலும்பு, மிச்சத்தில் கொஞ்சம் கழுத்து, கட்டாயம் ஒரு நல்லி. தொடைக்கறி வறுவலுக்கு நன்றாக இருக்கும். பிரியாணியில் அது சக்கை மாதிரி ஆகிவிடும்.

துண்டு பெரிதாக இருக்கட்டும். ஒரு கிலோவுக்கு இருபது, இருபத்திரண்டு துண்டு வந்தால் சரி. குழம்புக்கு வெட்டுகிற மாதிரி பொடியாக வெட்டிவிட்டால் அரிசி வேகிற நேரத்தில் கறி நாராகப் பிரிந்துவிடும்.

இளம் ஆடா என்பதைக் கறியே சொல்லும். இளங்கறி இளஞ்சிவப்பாக இருக்கும், நார் மெலிசாகத் தெரியும், கொழுப்பு வெள்ளையாக இருக்கும். கறி கருஞ்சிவப்பாக, கொழுப்பு மஞ்சள் பாரித்திருந்தால் வயதான ஆடு. ஒருமுறை தீபாவளிக் கூட்டத்தில் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் வேகவைத்தும் பல்லில் படவில்லை. வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து எவ்வளவு கூட்டமானாலும் கறியைப் பார்த்த பிறகுதான் பையை நீட்டுகிறேன்.

ஏழரை மணிக்குள் கடைக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்குப் போனால் நெஞ்செலும்பு இருக்காது.

செம்மறிக் கறியில் செய்யலாமா? வெளிநாட்டில் லாம்ப்தானே கிடைக்கிறது?

செய்யலாம், கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடுதான். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னி ஆடு, கொடி ஆடு எல்லாம் வெள்ளாடு. ராமநாதபுரம் வெள்ளை என்பது செம்மறி. திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போனால் இரண்டையும் பார்க்கலாம். செம்மறியில் கொழுப்பு கூடுதல், வாசமும் தனி. அந்த வாசம் பிடித்தவர்கள் வெள்ளாட்டைத் தொடமாட்டார்கள்.

வெளிநாட்டில் கிடைக்கும் லாம்ப் என்பது ஒரு வயதுக்குள்ளான செம்மறிக் குட்டி. சீக்கிரம் வெந்துவிடும். நம் வெள்ளாட்டுக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு முக்கால் மணியே போதும். வெளியில் தெரியும் தடித்த கொழுப்பைச் சீவி எடுத்துவிடுங்கள், எண்ணெயை 100 மில்லியாகக் குறையுங்கள். புதினாவையும் இஞ்சியையும் கொஞ்சம் கூட்டினால் வாசம் அடங்கும். எதிர்வீட்டுப் பையனிடம் தோள்பட்டைக் கறியை எலும்போடு கேட்டு வாங்கச் சொன்னேன். "அத்தை, இப்பதான் நம்ம ஊர் வாசம் வருது" என்று இரண்டு வாரம் கழித்துப் போன் பண்ணினான்.

சீரகச் சம்பாதான் வேண்டுமா? பாஸ்மதி ஆகாதா?

சாற்றிலேயே வேகவைக்கும் இந்த முறைக்குச் சீரகச் சம்பாதான் பொருத்தம். பொடி அரிசி, சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதற்கென்று ஒரு வாசமும் உண்டு. பாஸ்மதி நீளம், எளிதில் ஒடியும். சட்டியில் கிளறினால் நொறுங்கிவிடும். பாஸ்மதிதான் இருக்கிறது என்றால் அரை மணி ஊறவைத்து, கரண்டியை அதிகம் போடாமல் செய்யுங்கள்.

பழைய அரிசியாக வாங்குங்கள். புது அரிசி குழையும். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு வைத்த அரிசியா என்று கடைக்காரரிடமே கேட்டு வாங்கலாம். இரண்டு தடவை மட்டும் மெதுவாகக் களைந்து, இருபது நிமிடம் ஊறவைத்து, சல்லடையில் வடித்து வையுங்கள். ஒரு மணி நேரம் ஊறிய சீரகச் சம்பா கைபட்டாலே உடையும்.

கறி ஏன் ரப்பர் மாதிரி இருக்கிறது?

வேக வேண்டிய நேரம் வேகவில்லை. அவ்வளவுதான் காரணம். எலும்பையொட்டிய சவ்விலும் நாரிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. சூடு பட்டதும் அது முதலில் சுருங்கி இறுகும். அரை மணி வெந்த கறியைக் கடித்துப் பார்த்தால் பச்சைக் கறியைவிட விறைப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த நிலையில் பயந்து அடுப்பை ஏற்றக் கூடாது. மெல்லிய கொதியிலேயே விட்டால் அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகச் சாற்றில் இறங்கும். சாறு விரலில் ஒட்டுகிற பதம் அதனால்தான் வருகிறது. அரிசிக்கு வழவழப்பும் ருசியும் அங்கிருந்துதான்.

தயிரிலும் உப்பிலும் அரை மணி ஊறவைத்தால் கறி மேல்பக்கம் மிருதுவாகும். பப்பாளிக்காய் அரைத்துப் போடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். முற்றிய கறி என்றால் ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம் போதும். கூடினால் கறி மாவு மாதிரி கரையும். இளங்கறிக்கு வேண்டவே வேண்டாம்.

குக்கரில் கறியை வேகவைத்துக்கொள்ளலாமா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் நடைமுறை, ஒன்றும் குறையில்லை. கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பிறகு மசாலாவில் போடாமல், மசாலாவை வதக்கிய பிறகு அதே குக்கரில் கறியைப் போட்டு மூடுங்கள். இளங்கறிக்கு ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம், முற்றிய கறிக்கு இருபது நிமிடம். விசிலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் குக்கருக்குக் குக்கர் மாறும். கறி முக்கால் பதம் வெந்தால் போதும். மீதி அரிசியோடும் தம்மிலும் வேகும். அரிசி போடும்போது அகலமான சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

அடி கனமான, வாய் அகன்ற சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், இலை. ஏலக்காய் உப்பி வெடித்ததும் நறுக்கிய பெரிய வெங்காயம். இதில் அவசரமே கூடாது. கண்ணாடியாகி, ஓரம் பொன்னாகி, பிறகு முழுக்கப் பழுப்பாக வேண்டும். பதினைந்து நிமிடமாவது பிடிக்கும். சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக நசுக்கி அப்போதுதான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பூண்டு விழுது. அதன் பச்சை வாசம் போன பிறகே இஞ்சி விழுது. இரண்டையும் சேர்த்து அரைத்துக் கொட்டினால் இஞ்சி அடியில் பிடித்துக்கொள்ளும், பூண்டு வேகாமல் நிற்கும். தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், சட்டியிலிருந்து வரும் வாசமே மாறியிருக்கும். அப்புறம் கீறிய பச்சை மிளகாய், பாதிப் புதினா, பாதி மல்லித்தழை, தக்காளி. தக்காளி கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிகிறவரை வதக்குங்கள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் அப்போது.

இனிக் கறி. ஒரு தடவை கழுவி, தண்ணீரை ஒட்ட வடித்து, உப்போடு போடுங்கள். உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மசாலாவிலேயே புரட்டினால் கறி தானாகத் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் சுண்டும். சட்டியின் சத்தத்தைக் கேளுங்கள். முதலில் தளதளவென்று கொதிக்கிற சத்தம், பிறகு படபடவென்று பொரிகிற சத்தம். அந்த மாற்றம் கேட்டதும் கடைந்த தயிரை ஊற்றிக் கிளறி, கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் விட்டு, மூடி, சிறுதீயில் ஒரு மணி நேரம். நல்லித் துண்டின் எலும்பு முனை வெளியே தெரிந்தால், அதாவது கறி பின்வாங்கினால், பதம் நெருங்கிவிட்டது. என் அம்மா கரண்டிக் காம்பால் ஒரு துண்டை அழுத்திப் பார்ப்பார். காம்பு இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். ஊறவைத்த சீரகச் சம்பா ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர். பாத்திரம் ரொம்ப அகலமாக இருந்தால், அல்லது அரிசி நன்றாகப் பழையதாக இருந்தால் ஒன்றே முக்கால். இந்த அளவில் கறி வெந்த சாறும் சேர்த்தி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். சட்டியில் இருக்கிற சாற்றைக் கணக்கில் எடுக்காமல் ஒன்றரை டம்ளரை மேலே ஊற்றிவிட்டு, குழைந்துபோச்சு என்கிறார்கள்.

கறி வெந்ததும் சாற்றை ஒரு பாத்திரத்தில் வடித்து, அரிசி அளந்த அதே டம்ளரால் அளந்துவிடுங்கள். ஒரு கிலோ அரிசி ஐந்து டம்ளர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏழரை டம்ளர் வேண்டும். சாறு மூன்று டம்ளர் இருந்தால் நாலரை டம்ளர் வெந்நீர் சேர்க்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாம் சேர்ந்து கொதித்ததும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பாருங்கள். உப்பு ஒரு கல் தூக்கலாகத் தெரிய வேண்டும். அரிசி போட்டதும் இறங்கிவிடும். எனக்கு ஒரு கிலோவுக்கு எல்லாம் சேர்த்து 40 கிராம் அளவு ஆகிறது.

தம் எப்படிப் போடுவது? வீட்டில் கரி அடுப்பு இல்லையே?

வேண்டியதில்லை. அரிசியைப் போட்டதும் மீதிப் புதினா, மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு சேர்த்து, திறந்தபடியே நல்ல தீயில் கொதிக்கவிடுங்கள். இரண்டு தடவை மட்டும் அடியோடு கிளறிவிடலாம். எட்டுப் பத்து நிமிடத்தில் தண்ணீர் மட்டமும் அரிசி மட்டமும் ஒன்றாகும். மேலே குழி குழியாக விழுந்து, அந்தக் குழிகளில் சாறு கொப்புளிக்கும். அதுதான் நேரம். இதற்கு மேல் தாமதித்தால் அடி பிடிக்கும், முன்னதாக மூடினால் அடியில் கஞ்சியாகும்.

சட்டியை இறக்கி, அடுப்பில் பழைய தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் சட்டியை வையுங்கள். ஒரு வாழையிலையைச் சட்டியின் வாய்க்கு மேல் பரப்பி, மூடியை அழுத்தி, மேலே கொதிநீர்ப் பாத்திரம் ஒன்றை ஏற்றி வைத்தால் ஆவி வெளியேறாது. சிறுதீயில் இருபது நிமிடம். அணைத்த பிறகு பத்து நிமிடம் யாரும் திறக்கக் கூடாது. திறக்கும்போது இலை வெந்த வாசமும் நெய் வாசமும் சேர்ந்து வரும். ஓரத்திலிருந்து கரண்டியை இறக்கி, அடியிலுள்ளதை மேலே புரட்டுங்கள். நடுவில் குத்தினால் அரிசி உடையும்.

குழைந்துவிட்டால், அடி பிடித்துவிட்டால், உப்பு கூடிவிட்டால்?

குழைந்ததை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறினால் கொஞ்சம் இறுகும். கிண்டிக்கொண்டே இருந்தால் இன்னும் மோசமாகும். அடி பிடித்த வாசம் வந்தால் உடனே மேல்பாகத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியைச் சுரண்டாதீர்கள். உப்பு கூடினால் உப்பில்லாமல் வடித்த சாதம் ஒரு கை கலந்து, தயிர் வெங்காயத்தில் உப்பே போடாமல் பரிமாறுங்கள். அரிசி விறைப்பாக இருந்தால் கால் டம்ளர் வெந்நீரை ஓரத்தில் தெளித்து இன்னும் பத்து நிமிடம் தம்மில் விடுங்கள்.

கடைப் பிரியாணி வாசம் வீட்டில் ஏன் வருவதில்லை?

கடைக்காரர்கள் ஐம்பது கிலோ கறியை ஒரே அண்டாவில் வேகவைக்கிறார்கள். அத்தனை எலும்பும் கொழுப்பும் ஒரே சாற்றில் இறங்குகிறது, அடியில் விறகு, மூடி மேல் கங்கு. அந்த அளவு சாற்றை ஒரு கிலோவில் கொண்டுவர முடியாது. அதை ஈடுகட்ட மசாலாவைக் கூட்டுவது தப்பு. கறி வாசம் மசாலாவில் மூழ்கிவிடும். நெஞ்செலும்பைக் கூட்டுங்கள், அது பலன் தரும்.

பெரிய அண்டாப் பிரியாணியின் பெருமையைப் பார்க்க வேண்டுமென்றால் தை மாதம் திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலுக்குப் போங்கள். 1937-ல் காரைக்குடியில் முதல் முனியாண்டி விலாஸ் கடையைத் திறந்தவர் அந்த ஊர்க்காரர். அதன் பிறகு அந்தப் பெயரில் ஊர் ஊராகக் கடை வைத்தவர்கள் திருவிழாவுக்குக் கூடி, கிடா வெட்டி, இரவெல்லாம் அண்டா அண்டாவாகச் சமைத்து, விடியும் நேரத்தில் பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடை தலப்பாக்கட்டி ஆனதும் இதே சீரகச் சம்பாவை வைத்துத்தான்.

காஜிமார் தெருப் பக்கம் பாய் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். காரம் குறைவு, நெய் அளவு, கறி கையால் பிய்க்க வரும். என் கைப்பக்குவத்தில் பாதி பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய பிரியாணியைச் சாப்பிட்டு, மறுநாள் போய்க் கேட்டுக் கற்றதுதான். பூண்டையும் இஞ்சியையும் தனித்தனியாகப் போடச் சொன்னது அவர்தான்.

கூட என்ன வைக்கலாம்?

தயிர் வெங்காயம், அவித்த முட்டை, எலும்பு போட்ட தாளிச்சா. தாளிச்சாவுக்குக் கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் பாதிப் பாதி, கத்தரிக்காய், மாங்காய், கொஞ்சம் புளி. காலையிலேயே பிரியாணிக் கறியிலிருந்து நான்கு எலும்பை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். கத்தரிக்காய்ப் பச்சடியும் நன்றாக இருக்கும். கெட்டிக் குருமா வைக்க வேண்டாம். நாம் பாடுபட்டு இறக்கிய சாற்றின் ருசியை அது மறைத்துவிடும்.

மிச்சமானால்?

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். வெந்த அரிசியில் வளரும் சில கிருமிகளின் விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து பிரிட்ஜில் வைத்து, மறுநாள் இட்லிப் பானையில் ஆவி காட்டிச் சாப்பிடுங்கள். மறுநாள் பிரியாணிக்கு ருசி கூடுதல் என்று எங்கள் வீட்டில் இரண்டு பேர் அதற்காகவே மிச்சம் வைப்பார்கள்.

ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டுமென்றால் எப்போது ஆரம்பிப்பது?

ஒன்பதரைக்கு வெங்காயம் உரிக்க உட்காருங்கள். பத்தரைக்குச் சட்டி அடுப்பில் ஏற வேண்டும். பதினொன்றே காலுக்குக் கறி சிறுதீக்கு வந்துவிடும், பன்னிரண்டு மணிக்கு அரிசியை ஊறப் போடுங்கள். பன்னிரண்டே காலுக்குச் சாற்றை அளந்து கொதிக்கவிட்டு அரிசியைப் போட்டால் பன்னிரண்டரைக்குத் தம். அந்த இருபது நிமிடத்தில் தயிர் வெங்காயம் பிசைந்து, இலையைக் கழுவி வைத்துவிடலாம். ஏதாவது சந்தேகம் என்றால் பதினொன்றே காலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் என் கையும் சும்மா இருக்கும்.